‘மற்றவை’க்குள் கிடந்தது

பிப்ரவரி 4

அன்புள்ள பட்டாசு,

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். சரி, இனி எழுத்திலேயே பேசுவோம். நீ எழுத்தில் வெடித்தால் எனக்குச் சத்தம் கேட்காது. உன் அண்ணனிடம் நியாயம் கேட்டேன். "அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவுல போனவன் எவனும் உருப்பட்டதில்ல, எனக்குக் கண்ணாடிக்கடை இருக்கு" என்று நழுவிவிட்டார்.

நான் செய்த குற்றம்தான் என்ன? பஸ் ஓட்டும் பெண்கள் முப்பத்தொரு பேரின் பேட்டிகளை ஆய்வு மென்பொருளில் ஏற்றி எனக்கு அனுப்பினாய். திறந்தால் தலை சுற்றியது. 'கடைசி', 'கடைசி-2', 'இதுதான் கடைசி சத்தியமா' என்று ஃபைல்கள். எழுத்து இரண்டு ஃபோல்டர்களில், ஒலிப்பதிவு இன்னொன்றில். ஒவ்வொன்றுக்குள்ளும் டெப்போவாரியாக இன்னும் குட்டி ஃபோல்டர்கள். பாதி எழுத்து கறுப்பு, பாதி ஊதா. ஆய்வா, வண்ணக்கோலமா என்று தெரியவில்லை.

சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்து ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அடுக்கினேன். '17-அ', '17-ஆ' என்று ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் கிடந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தேன். எழுத்து முழுவதையும் கறுப்பாக்கினேன். வீட்டைப் பெருக்கி வைத்தவளுக்கு நன்றி சொல்லாமல், "என் துடைப்பத்தை யார் தொட்டது" என்று சண்டைக்கு வருகிறாய்.

இருக்கட்டும், நல்ல செய்தியும் இருக்கிறது. முதல் வரைவை எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் படித்தார். பதினேழாம் எண் ஓட்டுநர் சொன்னதை எழுந்து நின்று எல்லாருக்கும் வாசித்தார்: "ஸ்டியரிங்க புடிச்சா நான் மனுஷியே இல்ல. தண்ணி குடிக்கக்கூட பயப்படற ஒரு ஜீவன்." அதையே அறிக்கையின் அட்டையில் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிட்டார். போக்குவரத்துக் கழகத்தின் கூட்டம் இருபத்தாறாம் தேதி. கடைசி நிறுத்தங்கள் ஒன்பதிலும் பெண் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையோடு ஓய்வறை கட்டுவார்களா மாட்டார்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். நான் தலைமை வகிக்கும் முதல் ஆய்வு இது. எனக்கு மார்பு விம்முகிறது. அந்தப் பேட்டியை எடுத்தது நீ. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நீயும் கொஞ்சம் சந்தோஷப்படு.

அண்ணி

*

பிப்ரவரி 7

அண்ணிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை.

ஃபைல் பெயர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 'சத்தியமா' எல்லாம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த மூன்று ஃபோல்டர்கள் குப்பை இல்லை. அவர்கள் பேசியது ஒரு இடம், நான் யோசித்தது ஒரு இடம், அவர்கள் குரல் ஒரு இடம். இரண்டு வருஷம் வெயிலில் டெப்போ டெப்போவாக அலைந்து கட்டிய வீடு அது. நீங்கள் நடுச்சுவரை இடித்துவிட்டு 'ஹால் பெரிசாயிடுச்சு பாரு' என்கிறீர்கள்.

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். உட்கார்ந்துவிட்டீர்களா?

அட்டையில் போடப் போகிற வாக்கியத்தைப் பதினேழாம் எண் அக்கா சொல்லவில்லை. நான் எழுதினேன்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியாது, தப்பு என்னுடையதும்தான். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அந்த அக்காவே பேசுகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன். அவர்கள் மனசுக்குள் போய்ப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். 'அ' என்றால் பேட்டி. 'ஆ' என்றால் நான் எழுதிய குறிப்பு. குழம்பக்கூடாது என்றுதான் குறிப்பை ஊதாவில் எழுதினேன், தனி ஃபோல்டரில் வைத்தேன். நீங்கள் 'ஆ'வை இரண்டாவது பேட்டி என்று நினைத்து அதோடு சேர்த்துவிட்டீர்கள். கலரையும் எடுத்துவிட்டீர்கள். இப்போது முப்பத்தொரு பேர் வாயிலும் என் வார்த்தை இருக்கிறது.

அறிக்கையில் இருக்கிற மற்ற மேற்கோள்களை எல்லாம் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுவிட்டேன். எல்லாம் சுத்தம். இது ஒன்றுதான் என்னுடையது. வெளியே தெரிந்தால், 'எல்லாமே இவங்களா எழுதிக்கிட்டது' என்று ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிவிடுவார்கள். ஓய்வறையும் அதோடு போய்விடும். அட்டையை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இயக்குநர் எழுந்து நின்றா வாசித்தார்? நிஜமாகவா?

பட்டாசு

*

பிப்ரவரி 10

பட்டாசு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள்மேல் கோபம் வந்தது. முதலில் உன்மேல், பிறகு மென்பொருள்மேல், கடைசியில் யார்மேல் என்று உனக்கே தெரியும். அதை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

உலகத்தில் யாராவது குறிப்பை இப்படி எழுதுவார்களா? 'ஓட்டுநர் சோர்வாக இருந்தார், தண்ணீர் குடிக்கவில்லை' என்று எழுதினால் கை வலிக்குமா? அப்படியே எழுதினாலும் மேலே 'இது நான்' என்று ஒரு வரி போடக்கூடாதா? ஊதா நிறத்தை நம்பி ஒரு ஆய்வையே ஒப்படைத்திருக்கிறாய்.

அட்டை அச்சாகிவிட்டது. கூட்டத்தில் இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டிய பிரதிகள் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது போய் நான் என்ன சொல்வது? பத்து வருஷமாக அடுத்தவர் ஆய்வுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக என் பொறுப்பில் ஒன்றைச் செய்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே மூக்கு உடைபட வேண்டுமா?

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. நீ அந்த ஓட்டுநரிடம் போய் வாக்கியத்தை வாசித்துக் காட்டு. 'ஆமாம், என் மனசில் இருந்ததும் இதுதான்' என்று அவர் சொன்னால், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள். அதன்பிறகு அது அவருடைய வாக்கியம்தானே? நீ அவர் மனசுக்குள் போய்த்தானே எழுதினாய்? நன்றாகப் போனாயா என்று அவரே சொல்லட்டும்.

ஆமாம், எழுந்து நின்றுதான் வாசித்தார். தலைக்கனம் வேண்டாம்.

அண்ணி

*

பிப்ரவரி 16

அண்ணிக்கு,

போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தத் தடவை ஒலிப்பதிவும் செய்தேன், பயப்படாதீர்கள்.

அக்கா டெப்போவில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இருந்தாலும் கண்ணாடியை மட்டும் அவரேதான் துடைப்பார். "உங்ககிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்க்கா" என்று சொல்லி வாசித்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "யாரு சொன்னது இது?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரி நான் எழுதினதுக்கா."

"நான் ஜீவனா? ஆடு மாடா நானு? என்னைக்கு நான் உங்கிட்ட மனுஷி இல்லன்னு சொன்னேன்?"

"சொல்லலக்கா. நீங்க தண்ணி குடிக்கறதில்லன்னு சொன்னீங்களே, அதை நெனச்சு..."

"தண்ணி குடிக்கல, கஷ்டம், இடுப்பு வலி, எல்லாம் சொன்னேன். இல்லங்கல. ஆனா பாவம்னு சொன்னேனா? யாரைப் பாத்துப் பாவம்ங்கற? நாப்பது அடி வண்டிய மார்க்கெட் வளைவுல ஒரே திருப்புல திருப்பறவடி நான். பதினோரு வருஷமா ஒரு காய்க்கூடை சாய்ஞ்சதில்ல. ஆம்பள டிரைவருங்களே அந்த ரூட்டுன்னா லீவு போடுவாங்க. இதையெல்லாம் அன்னிக்கு ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்த சொன்னேனே, அதெல்லாம் எங்க?"

"எங்க போட்ட?" என்று மறுபடியும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணி, அவர் எழுதித்தரப் போவதில்லை. அந்த அட்டையைப் பார்த்தால் கிழித்து நம் கையிலேயே கொடுப்பார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து தேடினேன். நீங்கள் கொடுத்த தலைப்புகள் ஞாபகம் இருக்கிறதா? களைப்பு, கழிப்பறை, வீட்டுப் பொறுப்பு, பயணிகள் தொந்தரவு, மேலதிகாரி, உடல்நலம். இதில் எதிலும் அடங்காததைப் போட 'மற்றவை'. ஒவ்வொரு வரியாகப் படித்து அதற்குரிய தலைப்பில் போட்டது நான்தான். மார்க்கெட் வளைவு எங்கே இருந்தது தெரியுமா? 'மற்றவை'யில்.

அது மட்டுமா! ஒன்பதாம் எண் அக்கா எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் கெடப்போகிறது என்று சொல்வது, அங்கே. "என் பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் எங்கம்மா பஸ் ஓட்டறாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கா, அன்னிக்கு நான் தரையில நடக்கல" என்று இருபத்திரண்டாம் எண் சொன்னது, அங்கே. பிரேக் பிடிக்காத வண்டியை மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தி, அத்தனை பயணிகளையும் பத்திரமாக இறக்கிவிட்டதை நாலாம் எண் சொன்னாரே, அதுவும் அங்கேதான். ஆறு தலைப்பையும் சேர்த்தால்கூட 'மற்றவை' அளவு வரவில்லை. முப்பத்தொரு பேரும் விடாமல் பேசியது அதைப் பற்றித்தான். நமக்கு அதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. கஷ்டத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம், கஷ்டத்துக்கு மட்டும் பெட்டி செய்தோம்.

'பெருமை' என்று புதுத் தலைப்பு ஒன்று போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றியிருக்கிறேன். குறிப்புகளைப் பழையபடி பிரித்துவிட்டேன், ஒவ்வொன்றின் மேலும் 'இது நான்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன், சந்தோஷமா? அறிக்கையில் வரும் ஒவ்வொரு மேற்கோளையும் கிளிக் செய்தால் பேட்டியில் அந்த இடம் திறக்கும், அங்கிருந்து குரல் கேட்கும். அதற்குத்தான் அண்ணி மூன்று ஃபோல்டர். புதுப் பிரதியை இதோடு அனுப்புகிறேன். உங்களுடையதோடு சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம்.

பட்டாசு

*

பிப்ரவரி 20

அன்புள்ள பட்டாசு,

'பெருமை'யைத் திறந்து ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. மணல்மேட்டுக் கதையை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். எதற்கும் அசராத மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஏன் ரிப்போர்ட்ல இல்ல?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆறு தலைப்புகளையும் போட்டவள் நான். எல்லாம் தெரிந்தவள் மாதிரி, ஒரு பேட்டிகூடக் கேட்பதற்கு முன்னால் போட்டுக் கொடுத்தேன்.

இயக்குநரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "விடுங்க மேடம், யாருக்குத் தெரியப் போவுது? அந்த ஒரு லைன்தான் போர்டு மெம்பருங்களையே அசைக்கும். அதை எடுத்துட்டு, பெருமையா இருக்கோம்னு போட்டா, அப்ப சந்தோஷமாத்தானே இருக்காங்க, ரூம் எதுக்குன்னு கேப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை பட்டாசு. முப்பது வருஷமாக இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

நான் எழுந்து உண்மையைச் சொல்லி, அதனாலேயே ஓய்வறை கிடைக்காமல் போனால்? என் கௌரவத்துக்காக முப்பத்தொரு பேர் இன்னும் எத்தனை வருஷம் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுவது? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை கிடைத்துவிடும். நீ என்ன செய்வாய்? கத்தாமல் சொல்.

உன் பிரதியைச் சேர்த்துவிட்டேன். உன் அடுக்குமுறை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இந்த வரியை உன் அண்ணனிடம் காட்டாதே.

அண்ணி

*

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணி,

கத்தாமல் சொல்கிறேன்.

பொய் சொல்லி வாங்கினால் அந்த ரூமுக்குள் பதினேழாம் எண் அக்கா காலை வைக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். 'பாவம்னு பிச்சை போட்ட ரூமு' என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களுக்கு வரவே வராது. அண்ணனைப் பெண் பார்க்க... மன்னிக்கவும், உங்களைப் பெண் பார்க்க நாங்கள் வந்தபோது, "சமைக்கத் தெரியுமா?" என்று என் அத்தை கேட்டதற்கு, "தெரியாது, கத்துக்கற உத்தேசமும் இல்ல" என்றீர்களே. வாசலுக்கு வந்ததும் அண்ணனிடம், "இவங்கதான் என் அண்ணி, வேற யாரையும் பாக்காத" என்று சொன்னது நான். இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது உங்களுக்கு.

அந்த வாக்கியத்தை இயக்குநர் எழுந்து நின்று வாசித்தார் என்று படித்தபோது எனக்கும் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் போலிருக்கிறதே என்று தோன்றியது. அதனால்தான் சொல்கிறேன், எடுத்துவிடுங்கள். யாரோ ஒருத்தருடைய வாழ்க்கையை வைத்து எனக்கு வந்த பாராட்டு அது.

நீங்கள் என்ன செய்தாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

பட்டாசு

*

பிப்ரவரி 27

என் செல்லப் பட்டாசு,

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, மிச்சமிருந்த ஐம்பது பிரதிகளின் அட்டையையும் கிழித்தோம். நானும் உன் அண்ணனும். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாம சேர்ந்து செஞ்ச முதல் வேலை இதுதான்" என்றார். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் பழைய பிரதி இருந்தது, அட்டையோடு.

எழுந்தேன். "அட்டையில இருக்கற வாக்கியத்தை எந்த ஓட்டுநரும் சொல்லல. அது எங்க கள ஆய்வாளரோட குறிப்பு. அதைப் பேட்டியோட சேத்தது நான். தப்பு என்னோடது" என்றேன். இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்தத் தப்ப யாரு கண்டுபிடிச்சது?"

"அந்தக் கள ஆய்வாளரேதான் சார். என் நாத்தனார்."

அறையே சிரித்தது. "நாத்தனாரா? அப்ப விட்டிருக்கவே மாட்டாங்களே" என்றார்.

"விடல சார்" என்றேன்.

அதன்பிறகு சிரிப்பு நின்றது. "சரிம்மா, ஒண்ணு பொய்னா மீதி மட்டும் நிஜம்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார். நீ வெடித்திருப்பாய். நான் லேப்டாப்பைத் திரையோடு இணைத்தேன். "எந்தப் பக்கத்துல வேணும்னாலும் ஒரு வரியக் காட்டுங்க சார்" என்றேன். அவர் காட்டினார். கிளிக் செய்தேன், பேட்டி திறந்தது. இன்னொரு கிளிக், குரல் வந்தது. வேறொன்று காட்டினார், அதுவும் வந்தது. பக்கத்திலிருந்த பெண் அதிகாரி வேண்டுமென்றே பின்னிணைப்பிலிருந்து ஒரு வரியைக் காட்டினார். அதற்கும் குரல் இருந்தது. ஒரு இடத்தில்கூட நீ என்னைக் கைவிடவில்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் நான் ஒரு அங்குலம் வளர்ந்தேன். கடைசியாக, அறிக்கையில் இல்லாத மார்க்கெட் வளைவையும் மணல்மேட்டையும் நானே போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை போடச் சொன்னார்கள்.

இயக்குநர் பயந்த கேள்வியும் வந்தது. "இவ்வளவு பெருமையா வேலை பாக்கறவங்களுக்கு அப்படி என்ன குறை?"

"பாவப்பட்டவங்களா இருந்தா கெஞ்சுவாங்க சார். இவங்க கெஞ்சல, கேக்கறாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் வாயில் உன் நாக்கு.

மூன்று நிறுத்தங்களுக்கு உடனே அனுமதி. மீதி ஆறு அடுத்த கூட்டத்துக்கு. வெளியே வந்ததும் இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றில் மார்க்கெட் நிறுத்தம் இல்லை. பதினேழாம் எண்ணிடம் அதை எப்படிச் சொல்வாய் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. தேவைப்பட்டால் என்மேல் பழியைப் போடு.

உன் அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை டெப்போவிலேயே சத்தமாக வாசித்தேன். வண்டி எடுக்கக் காத்திருந்த அக்காக்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். 'கெஞ்சல, கேக்கறாங்க' என்ற இடத்தில் நாலாம் எண் அக்கா விசில் அடித்தார். நாத்தனார் ஜோக்கை இரண்டு தடவை வாசிக்க வைத்தார்கள்.

மூன்று நிறுத்தம்தான், மார்க்கெட் இல்லை என்பதையும் சொன்னேன். பதினேழாம் எண் அக்கா துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அத்தனை ஆபீசருங்க முன்னாடி தப்பு என்னோடதுன்னு சொன்னாங்களா உங்க அண்ணி?" என்று கேட்டார்.

"சொன்னாங்கக்கா."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"ஜூன் மாசம்க்கா."

"அன்னிக்கு நான் டூட்டி மாத்திக்கறேன். இந்தத் தடவ நானே வந்து கேக்கறேன். எனக்காகப் பேச ஆளு வேணாம், பக்கத்துல உக்கார ஒரு ஆளு இருந்தா போதும். உங்க அண்ணி வருவாங்களான்னு கேளு."

உங்களைக் கேட்கவில்லை அண்ணி. வருவாங்கன்னு அப்போதே சொல்லிவிட்டேன்.

பட்டாசு